இரண்டாவது ஏழு

மே 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இடது கண்ணில் இன்னும் திரை விலகவில்லை. ஆனால் தெருவில் யார் யாரோடு போகிறார்கள் என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. உன் கடிதம் வந்தால் நான்தான் உரக்கப் படிக்க வேண்டும். "நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கானா?" என்று முதலில் கேட்பாள். அந்த வரியைப் படித்த பிறகுதான் காலை நீட்டி உட்காருவாள். அதனால் அந்த வரி இல்லாமல் எழுதித் தொலைக்காதே.

ஆபீசில் எனக்கு அப்படி என்னதான் வேலை என்று கிண்டலாகக் கேட்டிருந்தாய். கேட்டுக்கொள். கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கிற மேடைகளுக்குக் குழாயும் சங்கிலியும் தண்ணீரும் கொண்டுபோகிற கப்பல்கள், நீ வேலை செய்கிறாயே அதே மாதிரி, எங்கள் துறைமுகத்தில் ஒன்பது இருக்கின்றன. ஐந்து நாளைக்கு ஒரு முறை வந்து நிற்கும். மேடை நாட்டின் கடல் எல்லைக்கு வெளியே இருப்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக அயல்நாட்டிலிருந்து வந்த கப்பலைப் போலவே காகிதம் கேட்பார்கள். ஆள் பட்டியல், சுங்கத்துக்காகச் சீல் வைத்த அறையில் எத்தனை சிகரெட் பெட்டி, திரும்பக் கொண்டுபோகும் நிபந்தனையில் உள்ளே வந்த கருவிகள் எத்தனை, யாருக்காவது நோயா, எல்லாம். கப்பலுக்காகக் கரையில் ஓடுகிறவர் ஏஜென்ட். அந்த ஏஜென்டுக்காகக் காகிதத்தோடு ஓடுகிறவள் நான்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கப்பலில் என்ஜினுக்கு எண்ணெய் போடுகிற ஆயில்மேனுக்குச் சளி. கேப்டன் யோக்கியமாக அதை எழுதிவிட்டார். அவ்வளவுதான், மருத்துவர் வந்து பார்க்கும்வரை கப்பல் உள்ளே வரக் கூடாது என்றார்கள். மருத்துவர் இருக்கிறார், படகு இல்லை. படகு வந்தது, மருத்துவர் சாப்பிடப் போய்விட்டார். ஒரு சளிக்குப் பதினொரு மணி நேரம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு காகிதத்தை ஒன்றாக்கி ஒற்றைத் தாள் ஒன்று தயாரித்தேன். பதில்களில் முக்கால்வாசி எப்போதும் ஒன்றுதானே, அதையும் சேர்த்தே அச்சடித்துவிட்டேன். கேப்டன் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. எங்கள் கம்பெனிக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயர்ப்பலகை. பதினான்கு துறைமுகங்களுக்கு அந்தத் தாளை அனுப்பினார்கள். எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு. அது பத்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. இருந்தாலும் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். உன் மாமா அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இதை அம்மாவிடம் படித்துவிட்டு, அவள் காலை நீட்டியதும் மீதியை உனக்குள் படித்துக்கொள். மாமாவையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

எங்கள் கப்பல் மேடைக்கு அடியில் போய் நிற்கும் என்கிறோம். நிற்பது என்பது பேச்சுக்குத்தான். அலையோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேலேயிருந்து கிரேனில் இரும்புக் கூடை இறங்கும். அதில் கட்டிய கயிற்றைப் பிடித்துச் சுழலாமல் திருப்பித் தளத்தில் உட்கார வைக்க வேண்டும். நாலு பேர் செய்த வேலை. இப்போது இரண்டு பேர். அலை இரண்டரை மீட்டருக்கு மேல் போனால் வேலையை நிறுத்து என்று சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அளக்கிறவர் சீஃப் ஆபீசர். அவர் கண்ணுக்கு எல்லா அலையும் இரண்டு மீட்டர்தான்.

உன் தாளால் பதினொரு மணி நேரம் மிச்சம் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அந்த மிச்சம் யாருக்குப் போகிறது? முன்பெல்லாம் துறைமுக வாசலில் காத்திருக்கும்போது நாங்கள் தூங்குவோம். இப்போது வந்தோமா, இறக்கினோமா, ஏற்றினோமா, கிளம்பினோமா. உன் மேல் கோபம் இல்லை, சும்மா சொன்னேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது?

உன்,
தம்பி

ஜூன் 24

அன்பும் பாசமும் நிறைந்த அக்கா அவர்களுக்கு,

நான் மிகவும் நலமாக இருக்கிறேன். வேலை அதிகமாக இருப்பதால் நண்பர் ஒருவரைக் கொண்டு இதை எழுதுகிறேன். கவலைப்படும்படி எதுவும் இல்லை. சில நாட்களுக்குக் கரையில் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். இனி கப்பல் முகவரிக்கு எழுத வேண்டாம். கம்பெனி விடுதியின் முகவரியைப் பின்பக்கம் கொடுத்திருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது. உடம்பும் நலமாக இருக்கிறது. அம்மாவிடம் நான் நலம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தம்பி

ஜூலை 2

தம்பி,

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பது பிறகு. நீ எப்படி இருக்கிறாய்?

அரைப்பக்கக் கடிதத்தில் மூன்று முறை நலம் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு இருப்பது இரண்டு கால், மூன்று தடவை எதை நீட்டுவாள்? அதிலும் அந்தக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. "அக்கா அவர்களுக்கு" என்று மரியாதை வேறு! பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வேலை அதிகமாம், ஆனால் ஓய்வாம். இரண்டும் ஒரே காகிதத்தில். நான் இருபது வருடமாகக் கப்பல் காகிதம் பார்க்கிறவள். ஆள் எண்ணிக்கை முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும் இருந்தால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

அம்மாவிடம் நான் என் குரலிலேயே நாலு வரி கூட்டிப் படித்துவிட்டேன். நம்பிவிட்டாள். உன்னால் நான் பொய் சொன்னேன், அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம். இனி வீட்டுக்கு எழுதாதே. ஆபீஸ் முகவரிக்கு எழுது. நடந்ததை நடந்தபடி எழுது.

அக்கா

ஜூலை 14

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் தம்பியின் கப்பலில் சமையல்காரன். போன கடிதத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். கப்பல் கரைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் விடுதிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தும் அவர் வாய் திறக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

ஜூன் 14ஆம் தேதி சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு மேடைக்கு அடியில் கூடை இறங்கியபோது அலை கப்பலைத் தூக்கிவிட்டது. கூடைக்கும் கப்பலின் கம்பிச் சுவருக்கும் நடுவில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. எலும்பு உடைந்த சத்தம் அடுப்படி வரை கேட்டது. என் துண்டைத்தான் சுற்றினேன். மறுநாள் காலை கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டாம் என்று கேப்டன் சொல்லிவிட்டார். ஏஜென்டின் வேன் வந்தது. சாதாரணமாகக் கரைக்குப் போய்வரக் கொடுக்கும் பாஸ் கொடுத்து ஏற்றி அனுப்பினார்கள்.

இப்போது கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? கப்பலில் யாருக்கும் காயம் இல்லை என்று துறைமுகத்தில் கொடுத்த வருகைத் தாளில் இருக்கிறதாம். முழுசாக இறங்கிப் போனவர் கரையில் குடித்துவிட்டு விழுந்திருக்கிறாராம். அவருடைய மாலுமிப் புத்தகத்தில் அப்படியே எழுதிவிட்டார்கள். உங்கள் தம்பி டீயில் சர்க்கரை கூடினாலே கப்பை நீட்டித் திருப்பிக் கொடுக்கிற ஆள். அவரைப் போய்!

அந்த வரி இருக்கும்வரை கம்பெனி வைத்தியம் பார்க்காது, வேறு எந்தக் கப்பலும் அவரை ஏற்றாது. நாங்கள் பார்த்தோமே என்று சொல்லப்போனால், "நீயும் இறங்கிக்கிறியா?" என்கிறார் சீஃப் ஆபீசர். எனக்கு மூன்று பிள்ளைகள் அக்கா. என்னைத் திட்டாதீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
சமையல்காரன்

ஜூலை 21

தம்பி,

சமையல்காரர் எழுதிவிட்டார். அவரோடு சண்டை போடாதே. அந்தக் கப்பலில் மனுஷன் என்று ஒருவராவது இருக்கிறாரே.

கடிதத்தை ஆபீஸ் கழிவறையில் வைத்துப் படித்தேன். வெளியே வந்ததும் மானேஜர், "என்னம்மா கண்ணு செவந்திருக்கு?" என்றார். "பினாயில் நெடி சார்" என்றேன். வயிறு எரிகிறதடா. கை உடைந்தவனிடம் போய் பாஸ் கொடுத்து, ஊர் சுற்றப் போகிறவனைப் போல வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்களே, அந்த ஏஜென்ட் சோறு தின்கிறானா வேறு எதையாவது தின்கிறானா? கேப்டன் அயோக்கியன், அது இருக்கட்டும். கரையில் உட்கார்ந்துகொண்டு, கப்பலின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், ஒரு மனுஷனுக்குக் காயம் "இல்லை" என்று எழுதியிருக்கிறானே ஒருவன், அவனைச் சொல்ல வேண்டும். எந்தக் கை அதை எழுதியதோ அந்தக் கை விளங்காமல் போகட்டும்.

அழுவதை நிறுத்திவிட்டு இப்போது வேலையைப் பார்ப்போம். அரசாங்க மாலுமிகள் அலுவலகத்தில் மனுக் கொடு. விசாரணை கேள். அந்த வருகைத் தாளின் நகல் கேள், கொடுத்தே ஆக வேண்டும். வாங்கியதும் எனக்கு ஒன்று அனுப்பு. எந்தக் காகிதத்தில் எங்கே ஓட்டை இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வேலையில் எனக்கு மிஞ்சின ஆள் கிடையாது. அவனைச் சும்மா விடமாட்டேன்.

கட்டுப் பிரித்தார்களா? விரல் அசைகிறதா? உள்ளதைச் சொல்.

அக்கா

ஆகஸ்ட் 5

அக்கா,

இதையும் சமையல்காரர்தான் எழுதுகிறார், நான் சொல்லச் சொல்ல. இனி மறைக்க ஒன்றும் இல்லை. கட்டைவிரல் அசைகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கட்டை மாதிரி நிற்கின்றன. சட்டைப் பொத்தான் போட முக்கால் மணி நேரம். ஊசி போட்ட மருத்துவர் கை எலும்பு நிபுணரிடம் போகச் சொன்னார். போகக் கம்பெனி கடிதம் வேண்டும். கம்பெனி புத்தகத்தைத் திறந்து காட்டுகிறது.

மாலுமிகள் அலுவலகத்தில் இருக்கிற அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் தாளைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டி, "இதுல இல்லைன்னு போட்டிருக்கே தம்பி. கேப்டன் கையெழுத்து, ஏஜென்ட் முத்திரை எல்லாம் இருக்கு. நான் எதை நம்பறது, உன் கையையா, இந்தத் தாளையா?" என்றார். கையை நம்பக் கூடாதாம்! கட்டோடு எதிரே நிற்கிறேன், கட்டு பேசாதாம், தாள் பேசுமாம்.

நகல் இத்துடன் இருக்கிறது. பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும். இதை அடித்த அதிமேதாவிக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை. ஆறு, ஏழு, மறுபடியும் ஏழு, எட்டு! முதல் ஏழு நோய். இரண்டாவது ஏழு, "கப்பலில் யாருக்காவது காயம் ஏற்பட்டதா?" அதற்குப் பக்கத்தில் "இல்லை". பேனாவால் எழுதியதுகூட இல்லை, கேள்வியோடு சேர்த்தே அச்சடித்த இல்லை. ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணத் தெரியாத ஒரு முட்டாள் எங்கேயோ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து என் கை உடையவில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறான்.

விசாரணை நவம்பர் 25. அதில் தோற்றால் கடல் வேலை முடிந்தது. அதைவிட, குடிகாரன் என்ற வரியோடு வீட்டுக்கு வர எனக்கு முடியாது அக்கா. அம்மா அதைக் கேட்கக் கூடாது.

ஓட்டையைக் கண்டுபிடித்து உடனே எழுது.

தம்பி

செப்டம்பர் 2

அக்கா,

அங்கே எல்லோரும் சௌக்கியமா? நாலு வாரம் ஆயிற்று. உனக்குக் கடிதம் எழுதினால் தபால்காரர் திரும்புவதற்குள் பதில் வரும் என்று சமையல்காரரிடம் பெருமையடித்திருந்தேன். அவர் இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார்.

நகல் கிடைத்ததா? அம்மாவுக்கு ஏதாவதா? ஒரு வரியாவது போடு.

தம்பி

செப்டம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. உன் மாமா சுகம். ஆபீசில் வேலை அதிகம்.

நகல் கிடைத்தது. ஒரு விஷயம் வேண்டும். நகலில் கீழ் இடது மூலை மங்கிவிட்டது. அதிகாரியிடம் இருக்கிற அசல் தாளில் அந்த மூலையைப் பார். கடுகு அளவு எழுத்தில் ஓர் எண் இருக்கும். அச்சகத்து எண் மாதிரி தெரியும். ஒரு எண்ணும் விடாமல் எழுதி அனுப்பு. யாரிடமும் எதுவும் சொல்லாதே.

கையை வெந்நீரில் வைத்துப் பயிற்சி செய்.

அக்கா

செப்டம்பர் 30

அக்காவுக்கு,

அம்மாவுக்குக் கண் தெரிவதில் சந்தோஷம். இனி என் கடிதங்களை அவளே படித்துவிடுவாளே, அதை யோசித்தாயா?

ஆறு வாரத்துக்கு அப்புறம் வந்த உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். திட்டு இல்லை, கிண்டல் இல்லை, ஏஜென்டுக்கு ஒரு சாபம்கூட இல்லை. நீதான் எழுதினாயா, நீயும் ஆள் வைத்து எழுதுகிறாயா என்று சந்தேகம் வந்துவிட்டது.

எண்ணைப் பார்த்தேன். அதிகாரி தன் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். 1206209. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சொல். விசாரணைக்கு எட்டு வாரம்தான் இருக்கிறது.

தம்பி

அக்டோபர் 12

தம்பி,

இந்தக் கடிதத்தில் யாருடைய நலத்தையும் விசாரிக்கப்போவதில்லை.

இரண்டு ஏழு போட்ட முட்டாள் நான்தான்.

மே மாதம் பெருமையடித்துக்கொண்டேனே, அந்தத் தாள்தான் இது. உன் துறைமுகத்து ஏஜென்டும் எங்கள் கம்பெனியின் இன்னொரு பெயர்ப்பலகை என்று எனக்குத் தெரியாது. உன் நகலைப் பிரித்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த இரண்டு ஏழுதான். ஏன் இரண்டு என்று சொல்கிறேன். நான் முதலில் தயாரித்த தாளில் காயம் பற்றிய கேள்வியே கிடையாது. அது எனக்குத் தோன்றவே இல்லை. சிகரெட் பெட்டியைப் பற்றி மூன்று கேள்வி இருந்தது, மனுஷனைப் பற்றி ஒன்றுதான். காயத்தையும் சேர் என்று துறைமுகத்தில் சொன்னார்கள். ஆனால் எட்டு என்றால் சீல் எண், ஒன்பது என்றால் கருவிப் பட்டியல் என்று சுங்க அலுவலகத்தில் பழகிவிட்டார்கள், எண்ணை மாற்றினால் கத்துவார்கள். அதனால் நடுவில் இன்னொரு ஏழாகச் செருகினேன். செருகும்போதே பக்கத்தில் "இல்லை" என்றும் அடித்துவிட்டேன். யார் ஆம் என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆம் என்று சொன்னால் கப்பல் நின்றுவிடுமே!

ஆறு வருடமாக எங்கள் துறைமுகத்தில் மட்டும் மூவாயிரத்துச் சொச்சம் தாள். கோப்புகளை இறக்கிவைத்துப் பார்த்தேன். ஒரு மாலுமிக்குக்கூட நகம் பெயரவில்லை. இரும்போடும் சங்கிலியோடும் வேலை செய்கிற ஆயிரக்கணக்கான கைகள், ஒன்றில்கூட கீறல் இல்லை. நான் படித்தவள், இருபது வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறவள், இதை ஒரு தடவையாவது யோசித்தேனா? இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வேனில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் துண்டு சுற்றியிருந்தது. பாஸ் புத்தகத்தை நீட்டினேன். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். "கொஞ்சம் ஒழுங்காப் போடுங்க" என்று அதட்டினேன். ஒரு மாதமாக அந்த முகம்தான் கண்ணில் நிற்கிறது.

நான் ஜூலையில் சபித்தது என் கையைத்தான். அதனால்தான் ஆறு வாரம் எழுதவில்லை. அது மட்டும் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். வேலை போய்விடுமே, அம்மாவுக்கு ஆபரேஷன் இருக்கிறதே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பிக்காக அவனைச் சும்மா விடமாட்டேன் என்று எழுதியவள், அது தானே என்று தெரிந்ததும் சும்மா விடலாமா என்று யோசித்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

இப்போது அந்த எண். 1206 என்றால் ஜூன் 12. அடுத்த 2 இரண்டாம் பிரதி. 09 உன் கப்பல். தாள் அச்சான நாள் அது. இந்தக் குறிப்பையும் நான்தான் ஏற்படுத்தினேன், கம்பெனியில் காகிதம் அடிக்கிறவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. உன் கை நசுங்கியது ஜூன் 14. கப்பல் கரைக்கு வந்தது 15. நடப்பதற்கு இரண்டு நாள் முன்பே நடக்கவில்லை என்று எழுதி வைத்த தாள் அது. கேப்டன் கையெழுத்து? மாத ஆரம்பத்தில் வெற்றுத் தாள்களில் கட்டாகப் போட்டு ஏஜென்டிடம் கொடுத்துவிடுவார்கள். எல்லாத் துறைமுகத்திலும் அதுதான் வழக்கம். அந்தக் கையெழுத்துக்கு மேல்தான் நான் அச்சடிப்பேன்.

இதையெல்லாம் எழுதி, என் பெயரும் வேலையும் போட்டு, மாலுமிகள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. அனுப்பும் முன் மானேஜரிடம் காட்டினேன், முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது என்று. "உங்களுக்கு ஏம்மா இந்த வேலை? அந்தத் தாள்ல உங்க பேரா இருக்கு?" என்றார். "பேர் இல்ல சார், ரெண்டு ஏழு இருக்கு" என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அதற்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். அதிலும் காரணம் முன்பே அச்சாகியிருந்தது.

கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். அம்மா புதுக் கண்ணோடு சுவரைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு?" என்றாள். "இல்லம்மா, அது எப்பவுமே சரியா ஓடல" என்றேன்.

மன்னித்துக்கொள் என்று எழுத வருகிறது. எழுதமாட்டேன். அதையும் நீ கேட்கும் முன் நானே அடித்துவைத்த மாதிரி ஆகிவிடும்.

அக்கா

டிசம்பர் 18

அக்கா,

இது என் கையெழுத்து. இடது கை. ஒழுங்காகப் போடு என்று அதட்டாதே. ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆயிற்று. வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். அம்மாவே படிக்கட்டும், ஒரு வரியும் மறைக்காதே.

விசாரணையில் உன் கடிதத்தை அதிகாரி உரக்கப் படித்தார். கோப்பிலிருந்து வேறு முப்பது தாளை எடுத்து மூலையைப் பார்த்தார். எல்லாமே கப்பல் வருவதற்கு முந்தின தேதி. ஏஜென்டைப் பார்த்து, "நீங்க ஏஜென்டா, ஜோசியரா?" என்று கேட்டார். அதற்கு அப்புறம் சமையல்காரர் எழுந்து நின்று தான் பார்த்ததைச் சொன்னார். என் புத்தகத்தில் இருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார்கள். மேலே, கப்பலில் வேலையில் காயம் என்று எழுதினார்கள். கை எலும்பு நிபுணரைப் பார்த்துவிட்டேன். இரண்டு விரலும் இனி மடங்காது. ஆறு மாதத்துக்கு முன் வந்திருந்தால் மடக்கியிருக்கலாம் என்றார். கயிறு பிடிக்கும் வேலை முடிந்தது. கரையில் ஏதாவது பார்க்க வேண்டும்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. உன் மே மாதக் கடிதத்தை நான் ஆகஸ்டிலேயே மறுபடி எடுத்துப் படித்தேன், நகலை உனக்கு அனுப்பி நாலு நாள் கழித்து. நாலு காகிதம் ஒன்றாக, பதிலும் சேர்த்து அச்சாக. அன்றே தெரிந்துவிட்டது. உனக்கும் தெரிந்திருக்கும் என்று தெரியும். நீயாகச் சொல்வாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு வாரம் கையைவிட அதுதான் வலித்தது. உனக்காகத்தான் செப்டம்பரில் ஒரு வரியாவது போடு என்று எழுதினேன்.

கோபம் போகவில்லை. பாதி இருக்கிறது. அதை நலம் என்று எழுதி மூட மாட்டேன், வந்து நேரில் சண்டை போட்டுத்தான் தீர்ப்பேன். அடுத்த மாதம் வருகிறேன். பரண்மேல் இருக்கிற கடிகாரத்தை இறக்கி வை, ஓடும் கை எனக்கு இன்னும் ஒன்று இருக்கிறது, பழுது பார்க்கிறேன்.

வேலை போன பிறகு நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கீழே கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன். நான் எதையும் நிரப்பவில்லை. உன் கையால் நீயே எழுதி அனுப்பு.

தம்பி

7. நீ எப்படி இருக்கிறாய்?
. . . . . . . . . . . . . . . . . . . .

7. உண்மையாகவா?
. . . . . . . . . . . . . . . . . . . .